ஆறு கட்டமும் நாலு பக்கமும்

குருமார்களுக்குக் கோபம் வராது என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். சீடன் எதைக் கேட்டாலும் ஒரு புன்னகை, ஒரு கிண்ணம் தண்ணீர், கையில் ஒரு பூ. அப்படிப்பட்ட குரு யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த குருவுக்குச் சுள்ளென்று வரும். நான் சொல்லப்போகிற நாளில் காலையில் ஏறிய கோபம் கடைசி வரை இறங்கவில்லை.

அவர் பெயர் வடிவம்மை. வயது முப்பத்தேழு. தென்காசிக்கு மேற்கே ஒரு குன்றின் அடியில், சுனைக்குப் போகும் வழியில் இருக்கும் சிறிய மடத்தில் தங்கியிருந்தார். மடம் என்றால் காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, ஒரு கரும்பலகை, சில பாய்கள், பின்னால் ஒரு சமையலறை. முன்பு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார ஆசிரியர்கள் அவரைத் தேடி வருவார்கள். கணக்கு கேட்க வந்தவர்கள் போகப்போக மற்றதையும் கேட்கத் தொடங்கினார்கள்.

சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி. ஐம்பத்துநாலு வயது. ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியர். தன்னைவிடப் பதினேழு வயது இளையவரை "அம்மா" என்று கூப்பிட்டு இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். மடத்தில் உரக்கப் பேசமாட்டார். நல்ல சாதுவான மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தபோது வடிவம்மை சோடா மூடிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூடியிலும் ஆணியால் ஓர் எண் கீறியிருந்தது. பிள்ளைகளுக்கு எண்களை இடம் மாற்றி வைத்துப் பார்க்க அதைவிடத் தோதான பொருள் கிடையாது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கோவத்த எப்படி விடுதது?"

"யாரு கோவத்த?"

"என் கோவத்தத்தான். வியாழக்கிழமை வகுப்புல வந்துட்டு. அதுல இருந்து மனசு சரியில்ல. தூக்கமும் வரல."

"என்ன நடந்துது?"

மாசிலாமணி சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அன்று அவருக்குப் பதிவேடுகள் எழுத வேண்டியிருந்தது. மூன்று பதிவேடு, முப்பத்துநாலு பிள்ளைகள். அந்த மாதிரி நேரத்துக்கென்றே அவரிடம் ஒரு புதிர்க் கணக்கு உண்டு. கரும்பலகையில் போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு வகுப்பில் சத்தமே இருக்காது. எல்லாத் தலையும் குனிந்திருக்கும்.

"நல்ல கணக்கும்மா. மூளைக்கு வேல."

அரை மணி நேரம் கழித்து இசக்கி என்ற பிள்ளை எழுந்து நின்றாள். 'சார், இது வராது' என்றாள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள்.

"கணக்குப் போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், வராதுன்னு சொல்லக் கூடாதுன்னேன். 'இல்ல சார், யாரு போட்டாலும் வராது'ங்கா. மூஞ்சிக்கு நேரா சொல்லுதா. வகுப்பு பூரா சிரிச்சுட்டு. எனக்கு வந்துட்டு."

"அடிச்சீங்களா?"

"கை வைக்கலம்மா. நான் பிள்ளைகள அடிக்கவே மாட்டேன்."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பின்ன என்ன செஞ்சீங்க?"

"நோட்ட வாங்கிக் கிழிச்சேன்."

"எத்தன பக்கம்?"

"நாலு இருக்கும். பூரா இந்தக் கணக்குதான்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"கோவத்துல எங்கம்மா படிக்க?"

"அப்புறம்?"

"விடை வந்தாத்தான் சாப்பாடுன்னு கொடிக்கம்பத்துக்கிட்ட உக்கார வச்சேன். மிச்சப் பிள்ளைக சாப்பிட்டு முடிச்சு வாரதுக்குள்ள வீட்டுக்கு ஓடிட்டா. பை வகுப்புலதான் கெடக்கு."

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. சாயங்காலம் மாசிலாமணி வீட்டுக்கே போய்ப் பார்த்தார். இசக்கி தன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கத்தரியை வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவளுடைய அம்மாதான் பேசினாள். இவ மண்டையில ஒண்ணும் இல்லன்னு வாத்தியாரே சொல்லிட்டீங்களாமே சார், அப்ப இந்த வேலயாவது படிக்கட்டும் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். உட்காரப் பலகைகூடப் போட்டாள்.

"அப்படிச் சொன்னீங்களா?" என்றார் வடிவம்மை.

"கோவத்துல என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதான் கேக்குதேன். இந்தக் கோவத்த விட ஏதாவது வழி சொல்லுங்க. ஜெபம், மூச்சுப் பயிற்சி, எதுன்னாலும் செய்யுதேன்."

எனக்கு இதை எழுதும்போதே எரிகிறது. ஒன்பது வயசுப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் பீடி இலை வெட்டுகிறது. இவருக்குத் தூக்கம் வரவில்லையாம், மூச்சுப் பயிற்சி வேண்டுமாம்.

வடிவம்மை துடைத்துக்கொண்டிருந்த மூடியைக் கீழே வைத்தார்.

"என்ன கணக்கு அது?"

மாசிலாமணி எழுந்து போய்க் கரும்பலகையில் வரைந்தார். இரண்டு கட்டம், ஒரு கூட்டல் குறி, இரண்டு கட்டம், ஒரு சமக் குறி, இரண்டு கட்டம். இருபத்தெட்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை. கட்டங்கள் அச்சடித்தது போல விழுந்தன.

"ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எண். ஒவ்வொண்ணும் ஒரு தடவதான் வரணும். ரெண்டு இலக்கமும் ரெண்டு இலக்கமும் கூட்டினா ரெண்டு இலக்க விடை."

"விடை என்ன?"

"அத நான் சொல்லிட்டா பிள்ளைக யோசிக்காதுகளே."

"நான் பிள்ளை இல்ல. சொல்லுங்க."

மாசிலாமணி பலகையைப் பார்த்தார்.

"இப்ப டக்குன்னு ஞாபகம் வரல."

"எத்தன வருஷமா போடுதீங்க?"

"ஒம்பது வருஷம் இருக்கும்."

"ஒம்பது வருஷத்துல யாரு விடை கண்டுபிடிச்சா?"

"நெறையப் பேரு கிட்ட வந்திருக்காங்க."

"அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"கிட்ட வந்துட்ட, இன்னும் கொஞ்சம் யோசின்னு சொல்லுவேன். அடுத்த வாரம் விடை சொல்லுதேம்பேன். பிள்ளைக மறந்துருங்க."

"கணக்க எங்க இருந்து எடுத்தீங்க?"

"ஏதோ ஒரு பத்திரிகைல வந்தது. அதுல பெருக்கல். ரெண்டு கட்டம், பெருக்கல் ஒரு கட்டம், விடைக்கு மூணு கட்டம். நாலாங் கிளாசுக்கு அது கஷ்டம்னு நாந்தான் கூட்டலா மாத்தினேன். அங்கயும் ஆறு கட்டம், இங்கயும் ஆறு கட்டம். கச்சிதமா அமைஞ்சுது."

"மாத்தினீங்கல்லா. போட்டுப் பாத்தீங்களா?"

மாசிலாமணி சிரித்தார்.

"நாலாங் கிளாஸ் கூட்டல் தானம்மா."

வடிவம்மை ஆறு மூடிகளை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தார். முதலில் ஐந்தும் நாலும். கொஞ்சம் இடம் விட்டு மூன்று. இன்னும் கொஞ்சம் இடம் விட்டு ஒன்று, ஆறு, இரண்டு.

"அம்பத்துநாலு பெருக்கல் மூணு, நூத்தி அறுபத்திரெண்டு. பத்திரிகைல வந்த கணக்குக்கு இதான் விடை."

பிறகு ஆறையும் கையால் வழித்து அள்ளி மாசிலாமணியின் உள்ளங்கையில் போட்டார். ஒரு புது நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார்.

"இப்ப உங்க கணக்கப் போடுங்க."

மாசிலாமணி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்போது மணி பத்து. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஒன்றாம் இடத்தில் ஒன்றும் நாலும் ஐந்து என்று வைத்தார். மிச்சம் இரண்டு, மூன்று, ஆறு. இரண்டும் மூன்றும் ஐந்துதான், ஆறு இல்லை. ஒன்று குறைந்தது. மாற்றினார். இரண்டும் நாலும் ஆறு. மிச்சம் ஒன்று, மூன்று, ஐந்து. ஒன்றும் மூன்றும் நாலு. இப்போதும் ஒன்று குறைந்தது. மறுபடி மாற்றினார். ஒன்றும் மூன்றும் நாலு. மிச்சத்தில் இரண்டும் ஐந்தும் ஏழு, வேண்டியது ஆறு. இந்தத் தடவை ஒன்று கூடிவிட்டது.

அந்தக் கணக்கின் பொல்லாத்தனம் அதுதான். தொட்டுவிடலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒன்பது வருடமாக ஒரு வகுப்பே ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் குனிந்திருந்தது.

வடிவம்மை அந்தப் பக்கமாக வந்தவர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கிட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் யோசிங்க."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு பாதியாகிவிட்டது.

பதினோரு மணிக்கு வடிவம்மை இன்னொரு தடவை வந்தார். அதையே சொன்னார். பன்னிரண்டு மணிக்கும் அதையே சொன்னார். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. அன்று வந்திருந்த ஐந்தாறு ஆசிரியர்களும் கைகழுவப் போனார்கள். புளிக்குழம்பு வாசனை கொட்டகைக்குள் வந்தது. மாசிலாமணி மூடிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"விடை வந்துட்டா?" என்றார் வடிவம்மை.

"இல்லம்மா. சாப்ட்டுட்டு வந்து..."

"விடை வந்தாத்தான் சாப்பாடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து மாசிலாமணி அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"பசிக்குதும்மா. காலைலயும் சாப்பிடல. பஸ்ஸப் பிடிக்க அப்படியே ஓடி வந்தேன்."

"இசக்கி அன்னைக்குக் காலைல என்ன சாப்ட்டுட்டு வந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்கலயா?"

மாசிலாமணி திரும்ப உட்கார்ந்தார். இலையில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் ஆறு மூடியையும் இப்படியும் அப்படியும் தள்ளினார். அவசரத்தில் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, வந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டு, தப்பைப் பார்த்து அடித்தார். பென்சில் முனை ஒடிந்தது. கழுத்து வியர்த்தது.

ஒன்றரை மணி இருக்கும். மூடிகளை அள்ளித் தரையில் வீசி அடித்தார்.

"இது வராது!"

மூடிகள் கலகலவென்று உருண்டு ஓடின. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார்.

வடிவம்மை எழுந்து வந்தார்.

"கணக்குப் போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"தெரியாம இல்ல! யாரு போட்டாலும் வராது. கணக்கே தப்பு!"

"திமிராப் பேசாதீங்க."

மாசிலாமணிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயது மனுஷன்.

"வேணும்னே எல்லாருக்கும் முன்னால என்ன அசிங்கப்படுத்துதீங்க."

"ஆமா."

"உங்களுக்கும் கோவம் வந்திருக்கு."

"காலைல இருந்தே வந்திருக்கு. இப்பத்தான் பாக்கீங்களா?"

"கோவத்த எப்படி விடுததுன்னு உங்ககிட்டப் போயி கேட்டேனே. குருவுக்குக் கோவம் வரலாமா?"

"ஒரு பிள்ள நாலு பக்கம் எழுதிட்டு வந்து நின்னுருக்கு. படிக்காமக் கிழிச்சிருக்கீங்க. பட்டினி போட்டிருக்கீங்க. இதக் கேட்டும் எனக்குக் கோவம் வரலன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்? என் கோவத்த நான் விடமாட்டேன். அது எனக்கு வேணும்."

தரையில் கிடந்த நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"யாரு போட்டாலும் வராதுன்னு சொன்னீங்கல்லா," என்றார் வடிவம்மை. "எல்லாரும் போட்டுப் பாத்தாங்களா? நீங்க பாத்தீங்களா? எப்படித் தெரியும்? எழுதிக் காட்டுங்க."

இரண்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. மாசிலாமணி தன் பையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அவர் முட்டி போட்டு மூடிகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஐந்து கிடைத்தன. ஆறாவது அரிசி டின்னுக்கு அடியில் போயிருந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தார்.

இந்தத் தடவை அவர் மூடிகளைத் தள்ளவில்லை. முதலில் யோசித்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்.

ஒன்றாம் இடத்தைக் கூட்டினால் பத்துக்குள் வரும், இல்லாவிட்டால் பத்தைத் தொட்டுத் தாண்டும். பத்துக்குள் வந்தால் எத்தனை வழி? ஒன்றும் இரண்டும் மூன்று. ஒன்றும் மூன்றும் நாலு. ஒன்றும் நாலும் ஐந்து. ஒன்றும் ஐந்தும் ஆறு. இரண்டும் மூன்றும் ஐந்து. இரண்டும் நாலும் ஆறு. ஆறே வழி. ஒவ்வொன்றுக்கும் மிச்சம் எந்த மூன்று எண் என்று எழுதி, அதில் இரண்டு சேர்ந்து மூன்றாவது ஆகிறதா என்று பார்த்தார். ஆகவில்லை. பக்கத்துக்கு இரண்டு வழியாக மூன்று பக்கம் நிரம்பியது.

நாலாம் பக்கத்தில் பத்தும் அதற்கு மேலும் வருவதை எடுத்தார். நாலும் ஆறும் பத்து. கீழே பூச்சியம் வேண்டும், பூச்சியம் இல்லை. ஐந்தும் ஆறும் பதினொன்று. கீழே ஒன்று, கைக்கு ஒன்று. வேறு வழி கிடையாது. மிச்சம் இரண்டு, மூன்று, நாலு. இரண்டும் மூன்றும் ஐந்து, கைக்கு வந்த ஒன்றையும் சேர்த்தால் ஆறு. மிச்சம் இருப்பது நாலு. மற்ற இரண்டைக் கூட்டினால் இன்னும் கூடுதல்.

அவ்வளவுதான். இனிமேல் பார்க்க எதுவும் இல்லை.

மாசிலாமணி பென்சிலை வைக்கவில்லை. "5 + 6 = 11" என்று தான் எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார்.

வடிவம்மை வந்து எதிரில் உட்கார்ந்தார். நோட்டை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஒரு வரியையும் தாண்டவில்லை.

"சரியா இருக்கு. எத்தன பக்கம் ஆச்சு?"

"நாலு."

மாசிலாமணி தண்ணீர் குடித்தார்.

"கடைசிப் பக்கத்துல அஞ்சும் ஆறும் பதினொண்ணுன்னு எழுதி வட்டம் போட்டிருந்தா," என்றார்.

"யாரு?"

"இசக்கி. கிழிக்கும்போது பாத்தேன்."

"காலைல படிக்கலன்னீங்க."

"படிக்கல. அந்த ஒரு வரி கண்ணுல பட்டுது. பட்டதும் திக்குன்னு ஆச்சு. இவ சொல்லுதது சரியா இருக்குமோன்னு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறந்தான் கிழிச்சேன்."

வடிவம்மையின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது என்று அன்று அங்கிருந்த ஓர் ஆசிரியர் பிறகு சொன்னார்.

மாசிலாமணி கோபத்தை விடும் வழியை மறுபடி கேட்கவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"இந்த நாலு பக்கத்தையும் கொண்டு போங்க. அவ கையில குடுங்க. திருத்தச் சொல்லுங்க."

"நான் எழுதினத அவ திருத்தணுமா?"

"அவளுக்குத்தான் திருத்தத் தெரியும். சிவப்புப் பேனாவும் கொண்டு போங்க."

"அவ அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆளுக எல்லாரும் சுத்தி உக்காந்து இலை வெட்டிக்கிட்டிருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். வகுப்புல முப்பத்துநாலு பேரு இருந்தாங்க."

மாசிலாமணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"அவளும் கோவத்துல இருப்பா. வாங்கி என் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுட்டான்னா?"

வடிவம்மை சமையலறைக்குப் போய், மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் குழம்பு தளும்பித் தரையில் சிந்தியது.

"மறுபடி நாலு பக்கம் எழுதுங்க. உங்களுக்கு நோட்டு நெறைய இருக்கு. அவகிட்ட அது ஒண்ணுதான் இருந்துது."